வலது பக்கம் கம்மி

புதிதாக மேடை ஏறுகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "அக்கா, எந்த இன்-இயர் நல்லா கேக்கும்?" மூச்சை எங்கே எடுப்பது என்று ஒருத்தி கேட்டதில்லை. சரணத்தில் வார்த்தையை எப்படி விழுங்காமல் பாடுவது என்று ஒருத்தன் கேட்டதில்லை. காதில் எதைச் சொருகினால் பாட்டு வரும் என்பதுதான் கவலை. நான் இரண்டு கம்பெனி ஜோடிகளைப் போட்டு மாற்றி மாற்றிக் கேட்டவள் என்பது கள்ளக்குறிச்சியைச் சுற்றி மேடை ஏறுகிற எல்லாருக்கும் தெரியும். அதனால் எனக்கு என்ன ஆனது என்பதும் தெரியும். தெரிந்துகொண்டேதான் கேட்கிறார்கள். பதில் சொல்லும்போது என் மூஞ்சி எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பார்க்கட்டும்.

எங்களுடையது மெல்லிசைக் குழு. ஊரில் ஆர்கெஸ்ட்ரா என்பார்கள். மணலூர்பேட்டையில் திருவிழா, தியாகதுருகத்தில் காது குத்து, கச்சிராயபாளையத்தில் கல்யாண வரவேற்பு, எங்கே கூப்பிட்டாலும் போவோம். கீபோர்டு வாசிப்பவர்தான் குழுவுக்கு முதலாளி. மாஸ்டர் என்று கூப்பிடுவோம். சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிற பாய் மேடைக்குக் கீழே மிக்ஸர் முன்னால் உட்காருவார். நான் பெண் குரல்.

பெண் குரல் மேடையின் வலது கோடியில் நிற்க வேண்டும் என்பது மாஸ்டர் போட்ட சட்டம். நடுவில் அவருடைய கீபோர்டு. என் வலது தோளை ஒட்டி ஸ்பீக்கர் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கியிருக்கும். பல வருடம் அங்கேயே நின்று பாடினேன். கொஞ்சம் தள்ளி நிற்கட்டுமா என்று கேட்டால், "ஏன், பெட்டி உன்ன கடிக்குதா?" என்பார்.

கடித்தது. மெதுவாகத் தின்றது. எனக்கே தெரியாமல் தின்றது.

விழுப்புரத்திலிருந்து ஒரு குழு வந்து எங்கள் பக்கத்துத் திருவிழாவில் கச்சேரி செய்தது. அந்தக் குழுவில் எல்லார் காதிலும் இன்-இயர். காதுக்குள் அடைத்துக்கொண்டால் தன் குரலும் வாத்தியங்களும் அதிலேயே கேட்கும். காலடியில் தனியாகப் பெட்டி வேண்டாம். அதிலும் காதை அச்செடுத்து அந்தக் காதுக்கென்றே செய்தது. மாஸ்டருக்கு வயிறு எரிந்துவிட்டது. இரண்டு கம்பெனிகளைப் பிடித்தார். இரண்டும் சொன்னது ஒன்றுதான்: ஒருவருக்கு மட்டும் மாதிரி ஜோடி செய்து தருகிறோம், கேட்டுப் பாருங்கள், பிடித்தால் குழு மொத்தத்துக்கும் எடுங்கள்.

யாருடைய காது? மாஸ்டர் காதுதான் முதலில் போயிருக்க வேண்டும். ஆனால் காதுக்குள் பசை ஊற்றுவார்கள் என்று கேட்டதும் அந்த ஆளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "குழுவுல நல்ல காது யாருது? இதுது" என்று என்னைக் கை காட்டினார். "கால் சுருதி எறங்கினாகூட சொல்லும். இதுங்காதுலயே எடுங்க."

அப்படித்தான் என் காது மாட்டியது.

கள்ளக்குறிச்சியில் செவிட்டு மெஷின் விற்கிற கடையில்தான் அச்செடுத்தார்கள். இந்த ஊரில் காதுக்குள் பசை விடத் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். முதலில் நூல் கட்டிய பஞ்சை உள்ளே தள்ளுவான். பிறகு ஊசியில்லாத சிரிஞ்சியில் பசையை அமுக்குவான். ஜில்லென்று உள்ளே போய், பரோட்டா மாவுபோல அடைத்துக்கொண்டு கெட்டியாகும். இடது காதில் முதலில் விட்டான். விட்டதும் கடைக்கு வெளியே போன பஸ், ஆரன், டீக்கடைப் பாட்டு எல்லாம் அணைந்தது. கடைக்காரன் என் எதிரில் நின்று வாயை அசைத்தான். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வலது காது திறந்துதான் இருந்தது.

பசை காய்ந்து எடுத்த பிறகு அவன் கேட்டான், "வலது பக்கம் ஒரு டெஸ்ட் பண்ணிடலாங்களா?"

"பாட்டுக்காரிக்கு இன்னாத்துக்குடா டெஸ்டு?" என்றேன்.

அவன் வலது காதுக்குப் பஞ்சை எடுத்தான். நான் அதற்கு மேல் யோசிக்கவில்லை. யோசிக்க எனக்குத் தைரியம் இல்லை என்பதுதான் சரி. பாடுகிறவளுக்குக் காது போனால் மேடை போச்சு. எனக்கு வேறு தொழில் தெரியாது. கரும்பு வெட்டப் போகலாம். அதற்கும் இந்த வயதில் எவன் கூப்பிடுவான்? கோரஸ் பாட வந்திருந்த தியாகதுருகத்துப் பெண் ஒன்று என் மைக்கையே பார்த்துக்கொண்டு நின்றது. சின்ன வயது, நல்ல குரல், இரண்டு காதும் நன்றாகக் கேட்கும்.

இரண்டு ஜோடியும் வந்தன. ஒன்று கண்ணாடி மாதிரி, உள்ளே இருக்கிற கம்பியெல்லாம் தெரியும். இன்னொன்று கறுப்பு. மாஸ்டர் வீட்டு மாடியில் ஒத்திகை. பக்கத்தில் ஜவ்வரிசி ஆலை, மரவள்ளி நாற்றம் சன்னல் வழியாக வந்துகொண்டே இருக்கும். அதே பாட்டு, அதே அளவு சத்தம், ஒரு முறை கண்ணாடி, ஒரு முறை கறுப்பு.

கண்ணாடியைப் போட்டதும் நான் பாட்டை நிறுத்திவிட்டேன். அவ்வளவு வருடம் பாடியும் என் குரலை நான் கேட்டதே இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. குரல் என் முகத்துக்கு இரண்டு முழம் முன்னால் தனியாக நின்றது. அதைச் சுற்றி இடம் இருந்தது. பேஸ் கிடார் ஒவ்வொரு முறையும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கேட்டது. சலங்கைச் சத்தம் குத்தவில்லை. மேல் ஸ்தாயிக்குப் போக வாயைப் பெரிதாகத் திறந்தாலும் காதுக்குள் அடைப்பு விடவில்லை. காரணம் இருக்கிறது. அந்தக் கம்பெனி சொன்னபடி, அச்செடுக்கும்போது வாய்க்குள் ஒரு கட்டையை வைத்துத் திறந்தே இருக்கச் சொன்னான் கடைக்காரன். பாடுகிறவளின் தாடை அசைய அசையக் காதின் ஓட்டை மாறும். அதனால் பிள்ளைகளே, அச்சு எடுக்கப் போனால் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு எடுங்கள். என்னிடமிருந்து இந்த ஒன்றையாவது உருப்படியாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

கறுப்பு அப்படி இல்லை. சிம்பல் அடித்தால் தகரக் கூரையில் புளியங்கொட்டையைக் கொட்டியதுபோல இருந்தது. 'ச' வருகிற இடமெல்லாம் கீறியது. பேஸ் பக்கத்து வீட்டில் எவனோ உரல் இடிப்பதுபோலச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது. இதற்கு வாயை மூடி எடுத்த அச்சு, உச்சத்தில் வாயைத் திறந்தால் அடைப்பு விட்டுக் காற்று புகுந்து அந்தப் பேஸும் ஓடிவிடும். குரல் முன்னால் நிற்கவில்லை, நெற்றிக்குள் உட்கார்ந்துகொண்டு கத்தியது. மொத்தத்தில் தகர டப்பா.

கேட்டால் கண்ணாடிதான் என்று ஒரு குழந்தையும் சொல்லிவிடும். ஆனால் நான் முதலில் போட்டது கண்ணாடியை. போட்டு ஒரு பல்லவி பாடியதும் என் வாய் முந்திக்கொண்டது.

"மாஸ்டர், வலது பக்கம் கம்மியா இருக்குது."

மாஸ்டர் உடனே கம்பெனிக்காரனுக்குப் போன் போட்டுக் கத்தினார். அவன் வலது பக்கத்தை மட்டும் வாங்கிப்போய்ப் புதிதாகச் செய்து அனுப்பினான். போட்டேன். கம்மி. ஒயரை மாற்றினார்கள். கம்மி. பாய் மிக்ஸரில் இந்தப் பக்கத்தை அந்தப் பக்கமும் அந்தப் பக்கத்தை இந்தப் பக்கமுமாக மாற்றி அனுப்பினார். கம்மி. கடையில் விற்கிற சாதாரண இயர்போனாக இருந்தால் இடதை வலதில் சொருகிப் பார்த்து ஒரு நிமிடத்தில் உண்மை தெரிந்திருக்கும். இது அச்செடுத்துச் செய்தது. இடது பக்கம் வலது காதில் நுழையவே நுழையாது. இன்னொருவர் காதிலும் நுழையாது. நான் ஒருத்தி சொல்வதுதான் சாட்சி.

"போலி மாலு" என்றார் மாஸ்டர். "கண்ணாடி போட்டு ஏமாத்துறான். அந்த கறுப்ப போடு."

கறுப்பைப் போட்டேன். பல்லவியின் முதல் வரி முடிவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. இதிலும் வலது பக்கம் கம்மி. அதே அளவு கம்மி. இரண்டு கம்பெனிக்காரனும் சேர்ந்து ஒரே மாதிரி ஏமாற்ற மாட்டான். கம்மியாக இருந்தது மெஷின் இல்லை.

எல்லாரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தியாகதுருகத்துப் பெண்ணும்தான்.

"எப்டி?" என்றார் மாஸ்டர்.

"சூப்பரா இருக்குது மாஸ்டர். ரெண்டு பக்கமும் சமம்."

பொய்தான். அதற்காக நான் வெட்கப்படவில்லை. அந்த நிமிடம் மறுபடி வந்தாலும் அதைத்தான் சொல்வேன். என் இடத்தில் நின்று பார்த்துவிட்டுப் பிறகு எவனாவது எனக்கு நியாயம் சொல்லட்டும்.

குழு மொத்தத்துக்கும் கறுப்பு வந்தது. முதல் கச்சேரியிலேயே ட்ரம்ஸ் வாசிக்கிறவன் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "இன்னாங்க மாஸ்டர், காதுக்குள்ள ரம்பம் போடுது?" மாஸ்டர் என்னைப் பார்த்தார். "இன்னா காது உனுக்கு? இந்த தகர டப்பாவப் போயி சூப்பருன்ன?" பழகினால் சரியாகிவிடும் என்றேன். அதே சமயம் கண்ணாடிக் கம்பெனிக்காரன் போன் செய்திருக்கிறான். திரும்ப வந்த ஜோடியைக் கருவி வைத்துச் சோதித்தானாம். வலது பக்கத்தில் ஒரு குறையும் இல்லையாம். "மெஷின பாத்துட்டோம் சார், நீங்க ஆள பாருங்க" என்றானாம். இது எனக்கு அப்போது தெரியாது. பிறகு மாஸ்டரே வாயால் சொன்னது.

இன்-இயர் வந்ததில் மாஸ்டருக்குத்தான் கொண்டாட்டம். கீபோர்டு பக்கத்தில் அவருக்கென்று தனியாக ஒரு சின்ன மைக். அதில் பேசினால் எங்கள் காதில் மட்டும் விழும், ஜனங்களுக்குக் கேட்காது. ஸ்கேலை மாற்று, இரண்டாவது சரணம் வேண்டாம் என்று சொல்வதற்கு வைத்தது. அதற்கு முன்னால் விரலைக் காட்டித்தான் சொல்வார். விரலால் திட்ட முடியாது. இந்த மைக் கிடைத்த பிறகு அந்த ஆள் வாயை மூடவே இல்லை. முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிற கமிட்டித் தலைவர் வழுக்கையில் தொடங்கி, மொய் எழுதுகிறவன் பல், மணப்பெண் நிறம், ட்ரம்ஸ்காரன் சாதி, என் இடுப்பு வரைக்கும் பாட்டு நடக்கும்போதே காதுக்குள் ஓடும். ஜனங்களைப் பார்த்துச் சிரித்துக் கும்பிட்டுக்கொண்டே அவர்களை நாறடிப்பார். நாங்கள் சிரிக்காமல் பாட வேண்டும். சிரித்தால் அதற்கும் திட்டு.

கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி ஒரு ஊரில் திருவிழாக் கச்சேரி வந்தது. மலையில் பொழுது சாய்ந்தால் குளிரும், ஜனங்கள் தூரத்து ஊர்களுக்கு நடந்து போக வேண்டும், அதனால் பகல் கச்சேரியாக வையுங்கள் என்று கமிட்டி சொல்லியிருந்தது. கச்சிராயபாளையம் தாண்டி வேன் மலை ஏறியதும் எல்லாருக்கும் காது அடைத்தது. எச்சிலை விழுங்கிக்கொண்டு வந்தார்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இன்றைக்கு எது கேட்காமல் போனாலும் மலை ஏறியதில் அடைத்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

பள்ளிக்கூட மைதானத்தில் மேடை. நல்ல வெயில். முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் எங்களைப் பார்த்துவிட்டு ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டார்கள்.

"யக்கா, அல்லாரு காதுலயும் மிஷினு மாட்டிக்கினு இருக்காங்க பாரு."

"அல்லாரும் செவுடா?"

"செவுடுங்க பாட்ட கேக்கத்தான் இம்மாந் தொலவு வந்தமா?"

நன்றாகச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

முதல் பாட்டு சாமி பாட்டு. அடுத்து ஒரு டூயட். பிறகு ஒரு குத்துப் பாட்டு. அன்றைக்கு மாஸ்டர் குரல் என் காதில் ஒரு வார்த்தை விழவில்லை. வாத்தியம் கேட்டது, என் குரல் கேட்டது, அவர் மட்டும் இல்லை. மலைச் சாமிக்குப் பயந்து வாயைக் கட்டிக்கொண்டான்போல என்று நினைத்தேன். நிம்மதியாகப் பாடினேன். நன்றாகவே பாடினேன் என்று இப்போதும் சொல்வேன்.

நாலாவது பாட்டில்தான் கவனித்தேன். ட்ரம்ஸ்காரன் தோள் குலுங்கியது. சிரிப்பை அடக்க முடியாமல் ஒரு அடியை விட்டான். பேஸ் கிடார்க்காரன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். தியாகதுருகத்துப் பெண் வாயைத் துப்பட்டாவால் மூடியிருந்தது. மாஸ்டர் சின்ன மைக்குக்கு வாயைக் கொடுத்துப் பேசிக்கொண்டே இருந்தார். கண் என் மேல் இருந்தது.

சரணத்துக்கு முன்னால் நீளமான இசை ஒன்று வரும். நான் ஜனங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, இரண்டு காதிலிருந்தும் பிடுங்கினேன். வலது பக்கத்துத் துண்டை எடுத்து அதன் மூக்கை இடது காது ஓட்டையில் அழுத்திப் பிடித்தேன். நுழையாது. ஆனால் பிடித்தால் கேட்கும்.

"ஏ செவிடி. ஏ செவிடீ. கேக்குதா? பூம்பூம் மாடு மாரி தலைய ஆட்டிக்கினு நின்னா பாரு. டேய் ட்ரம்ஸு, நீ தோத்துட்ட. ரெண்டாவது பாட்டுல கண்டுபுடிச்சிடுவான்னு சொன்ன இல்ல, ஒழுங்கா பிரியாணி வாங்கிக் குடு. இவ காதாண்ட கரும்பு லாரி டயரு வெடிச்சாலும் யாரு கொட்டாவி வுட்டதுன்னு கேப்பா. ஏ செவிடி, இத்தோட உனுக்கு கச்சேரி முடிஞ்சிது. அடுத்த ஆட்டத்துக்கு அந்தப் பொண்ணு நிக்கும் உன் மைக்குல. நீ வராத. கேக்குதா? கேக்கலியா? நான் சொல்லிட்டேன், அப்புறம் சொல்லலன்னு சண்டைக்கு வராத."

பேசிக்கொண்டே வந்தவர் என் கையைப் பார்த்தார். நிறுத்தினார்.

சரணம் வந்தது. இடது பக்கத்தை மட்டும் சொருகிக்கொண்டு திரும்பி, இடம் தவறாமல் எடுத்தேன். ஒரு சுருதி இறங்கவில்லை. பாட்டை முடித்தேன். கை தட்டினார்கள்.

மைக்கை வைக்கவில்லை. எல்லாருடைய குரலிலும் பேச எனக்கு வரும். அந்த ஆளுடைய மூக்குக் குரல் நன்றாகவே வரும். அவர் சொன்னதை அவர் குரலிலேயே, ஒரு வார்த்தை விடாமல், மைதானம் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். இந்த ஆள் எப்படிப்பட்டவன் என்று நாலு பேருக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன். இவ்வளவு பேர் இருக்கிறார்கள், ஒருத்தராவது 'அடப்பாவி' என்று எழுந்து நிற்க மாட்டாரா?

மைதானம் சிரித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. காமெடி ஐட்டம் என்று நினைத்துவிட்டார்கள். பாட்டுக்கு நடுவில் மிமிக்ரி வைப்பது எல்லாக் குழுவிலும் வழக்கம்தானே. மாஸ்டர் முகம் முதலில் சாம்பலாக இருந்தது. சிரிப்பைக் கேட்டதும் ரத்தம் திரும்பியது. கீபோர்டில் கோமாளி விழுந்தால் போடுவார்களே, அந்த 'டொய்ங்ங்' சத்தத்தைப் போட்டார். நான் "கேக்குதா?" என்கிற இடத்தில் எல்லாம் டொய்ங். நான் நிறுத்தினேன். அவர் நிறுத்தவில்லை.

"ஒன்ஸ்மோர்!" என்று கத்தினார்கள்.

கமிட்டித் தலைவர் மேடைக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டார். "யம்மா, அந்த செவிடிய இன்னொரு தபா சொல்லும்மா. எங்க வூட்டுப் பொம்பளைங்க பின்னாடி ஒக்காந்திருக்காங்க, சரியா கேக்கல."

நான் சொல்லவில்லை. மாஸ்டரே பெரிய மைக்கில் சொன்னார். "ஏ செவிடீ!" மைதானம் பதில் கொடுத்தது. "கேக்குதா?" டொய்ங். மீதிக் கச்சேரி முழுக்க ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் அதுதான் நடந்தது. அவர் "ஏ செவிடீ" என்பார், அவ்வளவு பேரும் என்னைப் பார்த்து "கேக்குதா?" என்பார்கள். நல்ல சத்தம். இடது காதில் தெளிவாகக் கேட்டது. ஆனாலும் பாடினேன். பாதியில் இறங்கினால் பாட முடியாமல் இறங்கினாள் என்பார்கள்.

மலை இறங்கி கச்சிராயபாளையத்தில் டீக்கு வேனை நிறுத்தினார்கள். வெளிச்சம் இன்னும் இருந்தது. மாஸ்டர் எனக்குத் தானே டீயை வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். அந்த ஆள் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தது அதுதான் முதல் முறை. என் இடது பக்கமாகப் பார்த்து வந்து நின்றார். கம்பெனிக்காரன் போன் செய்ததை அப்போதுதான் சொன்னார்.

"வருத்தப்படாத. உன்ன நான் தொரத்தல. அந்த ஐட்டம் எப்டி எடுத்துச்சி பாத்தியா? கச்சேரிக்குக் கச்சேரி போடலாம். பாட்டு அந்தப் பொண்ணு பாடட்டும். நடுவுல நீ வந்து செவிடி ஐட்டம் பண்ணு. பொடவைய கொஞ்சம் ஏத்திக் கட்டிக்கினு, மூக்குக் கண்ணாடி ஒண்ணு மாட்டிக்கினு வந்தன்னா இன்னும் தூக்கும்."

"நான் பாடறேன் மாஸ்டர்."

"எதால கேட்டுப் பாடுவ?"

"இன்னிக்கு பாடல? ஒரு சுருதி எறங்கிச்சா? எல்லாத்தையும் லெஃப்ட் பக்கமே வுடச் சொல்லுங்க. பாட்டு, மியூசிக், நீங்க பேசற கருமம், எல்லாத்தையும். ஒரு குமிழி. இந்தப் பக்கமா திருப்பினா முடிஞ்சிது."

உண்மையிலேயே அவ்வளவுதான். மிக்ஸரில் விரல் நுனி அளவுக்கு ஒரு குமிழி இருக்கிறது. வலது பக்கம் திருப்பினால் சத்தம் வலது காதுக்குப் போகும், இடது பக்கம் திருப்பினால் இடது காதுக்கு. அன்றைக்கு மாஸ்டர் குரலை என் செத்த காதுக்கு மட்டும் அனுப்பியதும் அந்தக் குமிழிதான். நான் பாயைப் பார்த்தேன். பாய் டீயைப் பார்த்தார்.

"மாஸ்டர் சொன்னாரு, திருப்பினேன் தங்கச்சி. நான் இன்னா பண்ணட்டும்?"

"கை உன்னுதுதானே பாய்? அவருதா?"

மாஸ்டர் சிரித்தார்.

"குமிழியத் திருப்பலாம்மா. வெளியில தெரிஞ்சா? செவிடி பாடறா, வந்து கேளுங்கன்னா எவன் கச்சேரி குடுப்பான்? ஊருல ரெண்டு காதும் கேக்கறவளே பாடாம வூட்ல இருக்கறாளுங்க."

தியாகதுருகத்துப் பெண் வேன் படியில் உட்கார்ந்து பன்னைக் கடித்துக்கொண்டிருந்தது. "யக்கா, மாஸ்டர் வாய்ஸு செமையா பண்றீங்க. எனுக்கும் சொல்லிக் குடுங்கக்கா" என்றது. கிண்டலா, நிஜமாகவே கேட்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"ஐட்டம் பண்ண மாட்டேன்" என்றேன்.

"அப்பொ அத்த கழட்டிக் குடு."

முதலில் புரியவில்லை. பிறகு பார்த்தால் என் கழுத்தில் தொங்கிய கறுப்பு ஜோடியைக் காட்டிக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

"இது யாரு காதுல பூரும்?"

"யாரு காதுல பூந்தா உனுக்கின்னா? ஆர்கெஸ்ட்ரா சொத்து. குடு."

என் காதை அச்செடுத்துச் செய்தது. உலகத்தில் இன்னொரு காதில் நுழையாது. குப்பையில் போடத்தான் ஆகும். அது அந்த ஆளுக்கும் தெரியும். போடுவதற்காகவே கேட்டார். என்னிடம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ட்ரம்ஸ்காரன், பேஸ் கிடார்க்காரன், பாய் எல்லாரும் டீயை ஊதிக்கொண்டு நின்றார்கள்.

வலது பக்கத்தை மட்டும் ஒயரிலிருந்து கழற்றி அவர் கையில் வைத்தேன்.

"இன்னொண்ணு?"

"அது கேக்குது. தர மாட்டேன்."

"ஏய், வெளையாடறியா?"

"புடுங்கிப் பாரு" என்றேன். முதல் முறையாக அந்த ஆளை 'ங்க' போடாமல் பேசினேன். டீக்கடையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பிடுங்கவில்லை. வலது பக்கத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "ஏறுங்கடா" என்று வேனுக்குப் போனார். நான் உட்காரும் சன்னல் சீட்டில் அந்தப் பெண் உட்கார்ந்தது. பாய் ஏறும்போது திரும்பி ஏதோ சொன்னார். எந்தப் பக்கம் சொன்னாரோ, எனக்கு விழவில்லை. வேன் போய்விட்டது.

டவுன் பஸ் வந்தது. சந்தைக் கூட்டம், உட்கார இடம் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பட்டுப் புடவை, மேடை மேக்கப், தலை நிறையப் பூ, எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். சிறிது நேரம் கழித்து யாரோ என் தோளை இடித்தார்கள். திரும்பினால் கண்டக்டர். வெகு நேரமாகக் கேட்டிருப்பான்போல, கோபமாக நின்றான்.

"யம்மா, எத்தினி தபா கேக்கறது? காது இன்னா செவுடா?"

பஸ் மொத்தமும் சிரிக்கத் தயாராகத் திரும்பியது.

"ஆமா" என்றேன். "அந்தப் பக்கம் செவுடு. கேக்காது. இந்தப் பக்கம் வந்து கேளு."

அம்மாவிடம்கூட நான் அதைச் சொன்னதில்லை. கண்டக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பிறகு கூட்டத்தை இடித்துக்கொண்டு, முனகிக்கொண்டே, என் முதுகுக்குப் பின்னால் சுற்றி இந்தப் பக்கம் வந்தான்.

"எங்கம்மா எறங்கணும்?"

"கள்ளக்குறிச்சி" என்றேன். "கத்தாத. கேக்குது."